பிள்ளை கேட்டு வந்தவர்

ஹில்ஸ்பரோ, ஆக்லாந்து
10 நவம்பர் 2024

அன்புள்ள அகில்,

போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் மிஞ்சுகிறது. போன தடவை பாதியில் வைத்தது நான். அதற்கு முந்தைய தடவை நீ. அதனால் எழுதிப் பார்க்கிறேன். எழுதும்போது குறுக்கே பேச ஆளில்லை, கோபம் வந்தால் எழுந்து போய் பாத்திரம் தேய்த்துவிட்டு வரலாம். இந்தப் பத்திக்குள்ளேயே ஒருமுறை போய்விட்டு வந்தேன்.

அப்பா நடக்கிறார். ஸ்ட்ரோக் வந்த பிறகு வலது கைதான் முழுசாகத் திரும்பவில்லை. ஸ்பூனால் சாப்பிடுகிறார், சாப்பிடும்போது யாரும் பார்க்கக் கூடாது. காலையில் பக்கத்து வீட்டு இரத்தினசிங்கம் அங்கிளோடு வாக்கிங். அவர் யாழ்ப்பாணத்துக் கதையைச் சொல்கிறார், அப்பா மன்னார்குடிக் கதையைச் சொல்கிறார். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பாதிதான் புரிகிறது, அதனாலேயே நட்பு நன்றாக ஓடுகிறது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு ஸ்ட்ரோக் வரலாம், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்.

உன்னைப் பற்றி அப்பா கேட்பதில்லை. நீ கூப்பிட்டால் தோட்டத்துக்குப் போய்விடுவார், அது உனக்குத் தெரியும். ஏன் என்பதை நீ சரியாகப் புரிந்துகொண்டாயா என்பதுதான் என் சந்தேகம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இந்த நாட்டுக்கு வந்தபோது கேட்டார்களே என்று அப்பா பெயரைப் பின்னால் போட்டோம். நீ இங்கே யுனிவர்சிட்டியில் படித்தபோது 'மிஸ்டர் சுந்தரம்' என்று உனக்குக் கடிதம் வரும், அப்பா பிரித்துவிடுவார். "எனக்குன்னு நினைச்சேன்" என்பார். அவருக்கில்லை என்று நன்றாகத் தெரியும்.

கோவிட்டில் எல்லை மூடியிருந்த சமயம், ஜப்பானில் உனக்கும் யுகாவுக்கும் நடந்த கல்யாணத்தை லேப்டாப்பில் பார்த்தோம். அதை அப்பா பொறுத்துக்கொண்டார். அதற்கு அடுத்த புத்தாண்டுக்கு உன்னிடமிருந்து ஒரு அட்டை வந்தது: அகில் செனோ. யுகாவின் வீட்டுக்குத் தத்துப்பிள்ளையாகி, அவர்கள் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறாய் என்று அந்த அட்டை சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அப்பா அதைக் கவிழ்த்து வைத்தார். "சாராயக் கடைக்கு என் பேரைக் கொடுத்துட்டான்" என்றார். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

வந்து பார்த்துவிட்டுப் போ. இவ்வளவுதான் சொல்ல நினைத்தது.

அக்கா கல்யாணி


செனோ வீடு
8 டிசம்பர் 2024

அக்கா,

உன் கடிதம் வந்த அன்று அரிசி வேகவைக்கிற வேலை. ஆவி நடுவே நின்றுகொண்டே படித்தேன், பேப்பர் நமுத்துப்போச்சு.

இப்போ வர முடியாது. கோபப்படாதே, முதலில் கேள். அக்டோபரிலிருந்து மார்ச் கடைசிவரை சாகே, அதாவது அரிசி மது, செய்ய ஊறல் போடுகிற காலம். வீட்டுக்குத் தலைவனாகப் போகிறவன் அந்த மாதங்களில் ஊரை விட்டு நகரக் கூடாது. மாமனாருக்கு முழங்கால் போச்சு, ஏணியில் ஏறித் தொட்டியைப் பார்க்கிறது நான்தான். தயிர் கூடச் சாப்பிடக் கூடாது தெரியுமா? தயிரில் இருக்கிற கிருமி உடம்போடு, துணியோடு கிடங்குக்குள் போய் ஊறலைப் புளிக்கவைத்துவிடும் என்று பயம். அக்டோபர் பிறந்ததும் யுகா என்னை ஃபிரிட்ஜ் முன்னால் நிறுத்தித் தயிர் டப்பாவை என் கையாலேயே வெளியே எடுக்கச் சொல்வாள். மன்னார்குடிக்காரன் ஆறு மாதம் மோர் சாதம் இல்லாமல் இருக்கிறேன், அப்பாவிடம் சொல், சந்தோஷப்படுவார்.

பெயரைப் பற்றி. இந்த வீட்டின் கதையை உனக்கு நான் சொன்னதே இல்லை. முதல் ஆள் கப்பலில் அரிசி ஏற்றி விற்றவர். ஒரு குளிர்காலம் கடல் கொந்தளித்துக் கப்பல் கிளம்பவில்லை. கெட்டுப்போகும் முன் அத்தனை அரிசியையும் சாகே ஆக்கினார். நன்றாக விற்றது. அதற்கப்புறம் கப்பலை விற்றுவிட்டுத் தொட்டி வாங்கினார். அவர் பேரனுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் நல்லவன்தான், பாட்டும் கூத்தும்தான் அவனுக்கு. தொழிலைத் தந்தால் தொட்டியோடு குடித்துவிடுவான். அவனுக்குத் தனியாக ஒரு சின்னக் கடை வைத்துக் கொடுத்துவிட்டு, கணக்குப்பிள்ளையை மகளுக்குக் கட்டி, தத்தெடுத்து, பெயரைக் கொடுத்தார்கள். பெற்ற பிள்ளை விதி, மருமகன் நம்ம தேர்வு என்று இங்கே சொல்வார்கள். அதிலிருந்து இந்த வீட்டுத் தலைவர்களில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்தவர்கள். என் மாமனாரும் அப்படித்தான், மலைப்பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை.

அந்தக் கணக்குப்பிள்ளையின் அப்பா வலை பின்னுகிறவர். மகன் தலைவனான பிறகு மாதாமாதம் கடைக்கு வந்து ஒரு சின்னக் குடுவை வாங்கிப் போவாராம். மகன் கல்லாவில் உட்கார்ந்து, மற்ற வாடிக்கையாளருக்குச் சொல்கிற அதே மரியாதையோடு நன்றி சொல்வாராம். வேறொன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அந்தக் கிழவருக்குக் குடிப்பழக்கமே கிடையாது.

இங்கே யாரும் இதை இழப்பு என்று சொல்வதில்லை, பெருமை என்பார்கள். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. இல்லாததை எப்படி அழிப்பது, நீயே சொல்.

ஏப்ரலில் வருகிறேன்.

அகில்


ஹில்ஸ்பரோ
12 ஜனவரி 2025

அன்புள்ள அகில்,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். தோட்டத்துக்குப் போகக் கதவு வரை எழுந்து போனவர், தயிர் டப்பா வந்த இடத்தில் நின்றார். "ஆறு மாசமா?" என்றார். பிறகு சிரித்தார், வாய் ஒரு பக்கம்தான் போகிறது இப்போது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

வலை பின்னுகிறவர் கதையை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அந்தக் கடைசி வரியை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். ரொம்ப நேரம் இடது கையால் வலது கையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்தப் பையனை அவன் அப்பாகிட்ட கேட்டு வாங்கினாங்களா, இல்ல இவங்களே எடுத்துக்கிட்டாங்களா?"

எனக்குத் தெரியாது, அகிலைக் கேட்டு எழுதுகிறேன் என்றேன். இப்போது தினம் தபால் பெட்டியைப் பார்க்கிறார். பில்களை மட்டும் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்.

சரத் உன்னை விசாரித்தார். அபர்ணா ஜப்பானுக்கு வரவேண்டும் என்கிறாள், மாமாவைப் பார்க்க இல்லை, ஷாப்பிங்குக்கு.

அக்கா


செனோ வீடு
9 பிப்ரவரி 2025

அக்கா,

அப்பா கேள்வி கேட்டார் என்பதே எனக்குப் போதும். மாமனாரிடம் விசாரித்து விவரமாக எழுதுகிறேன்.

ஆம், கேட்டுத்தான் வாங்கினார்கள். கேட்காமல் எடுக்கவே முடியாதாம். செனோ வீட்டுப் பெரியவர் குடும்பச் சின்னம் போட்ட உடை உடுத்தி, ஒரு பீப்பாய் சாகே, உலர்ந்த மீன், கடற்பாசி, விசிறி எல்லாம் எடுத்துக்கொண்டு அந்த வலைக்காரர் குடிசைக்குத் தானே நடந்து போனார். ஊரில் பாதி அவருடையது. ஆனாலும் அங்கே வாசல் பக்கம், கீழே உட்கார்ந்தார். கேட்பவர் தாழ்ந்த இடம், கொடுப்பவர் உயர்ந்த இடம். உங்கள் பிள்ளையை எங்களுக்குத் தர வேண்டும் என்று தலை தரையில் பட வணங்கினார். இன்றைக்கும் அதே முறைதான். என் மாமனாருக்காக அவர் மாமனார் மலையேறிப் போனாராம்.

என் விஷயத்திலும் மாமனார் கிளம்பத்தான் பார்த்தார். எல்லை திறந்ததும் ஆக்லாந்துக்கு டிக்கெட் பார்க்கச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். எங்கள் பக்கம் அப்படி வழக்கமில்லை, அப்பாவுக்குச் சம்மதம்தான் என்று சொல்லிவிட்டேன். அம்மா போன பிறகு அப்பா ஆடிப்போயிருந்த நேரம், மொழியும் தெரியாது. இவர்கள் பீப்பாயோடு வந்து தரையில் விழுந்தால் அவருக்கு எதற்கு அந்தச் சங்கடம் என்று பார்த்தேன். எல்லோருக்கும் சிரமம் குறைந்தது.

இந்த வருஷம் ஊறல் நல்ல மணம். அப்பாவிடம் சொல்.

அகில்


ஹில்ஸ்பரோ
2 மார்ச் 2025

அகில்,

உன் கடிதத்தின் முதல் பாதியை மட்டும் அப்பாவுக்குப் படித்தேன். கேட்டு வாங்கினார்கள் என்றதும் தலையாட்டினார். "அப்ப சரி. பெரிய மனுஷங்க" என்றார். இரண்டாம் பாதி என் கைப்பையில் இருக்கிறது. வேலைக்குப் போகும்போது கூடவே வருகிறது, கூடவே திரும்பி வருகிறது.

அப்பாவுக்குச் சம்மதம்தான் என்று சொன்னாயாமே. யாரிடம் கேட்டாய்?

என்னைப் பெண் கேட்டுச் சரத் வீட்டார் வந்த அன்று நீ சின்னப் பையன், மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தாய். அப்பா காலையிலிருந்து புது வேட்டியில் உட்கார்ந்திருந்தார். மின்வாரியத்தில் வாழ்நாள் முழுக்க மற்றவர் கையெழுத்துக்குக் காத்திருந்த மனிதர். அன்று ஒருநாள் எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எப்படியும் சரத்தைப் பிடித்திருந்தது, அது அவருக்கும் தெரியும். இருந்தும் அந்தக் கேள்வி அவரிடம் வந்தது.

பிள்ளை கேட்டு யாராவது வந்திருந்தால் அப்பா என்ன செய்திருப்பார் என்று தெரியவில்லை. முதலில் சிரித்திருப்பார். இரத்தினசிங்கம் அங்கிளிடம் போய் நொந்துகொண்டிருப்பார். முடியாது என்று கூடச் சொல்லியிருப்பார். ஆனால் கதவைத் திறந்திருப்பார், அகில். இத்தனை வருஷமும் பெயருக்காகக் கோபம் என்று நான் நினைத்தேன், உனக்கும் அப்படித்தான் எழுதினேன். நானும் அவரைக் கேட்டதில்லை.

உன் மாமனாரிடம் உண்மையைச் சொல். அவரையும் நீ மரியாதை தெரியாத மனிதராக ஆக்கி வைத்திருக்கிறாய், அது அவருக்கே தெரியாது.

கல்யாணி


செனோ வீடு
30 மார்ச் 2025

அக்கா,

கடைசித் தொட்டியைப் பிழிந்து முடித்த அன்று சொன்னேன். மாமனார் எழுந்து போனார். யுகா என்னைப் பார்க்கவே இல்லை. மறுநாள் காலை அவர் அந்தச் சின்னம் போட்ட உடையை வெயிலில் காயப் போட்டிருந்தார்.

நானும் மாமனாரும் ஈஸ்டருக்கு முந்தைய வாரம் வருகிறோம். பக்கத்தில் மோட்டல் பார். உங்கள் வீட்டில் தங்க மாட்டார், கேட்கப் போகிறவர் கேட்கிற வீட்டில் தங்கக் கூடாதாம். அப்பாவிடம் எப்படிச் சொல்வாய் என்று தெரியவில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை.

அகில்


ஹில்ஸ்பரோ
25 மே 2025

அன்புள்ள அகில்,

நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது. வீட்டில் எங்கே திரும்பினாலும் அந்த நாள்தான்.

நீ உன் மாமனார் முகத்தைப் பார்த்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்ததால் அப்பாவைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டாய். ஏர்போர்ட்டில் பூச்சிக்குப் பயந்து பீப்பாயின் வைக்கோல் கயிற்றை அறுத்து எடுத்துக்கொண்டார்கள் என்று நீ சொன்னதும் அப்பா, "சாராயத்தை அம்மணமாவா கொண்டுவந்தாங்க" என்றாரே, அதை நீ ஜப்பானிய மொழியில் சொல்லாமல் விழுங்கினாய். அப்பா அதையும் கவனித்தார். "இவன் சரியாத்தான் சொல்றானான்னு யார் கண்டா" என்று என் காதில் கேட்டார்.

நாற்காலி இருக்க உன் மாமனார் அந்த முழங்காலோடு கார்ப்பெட்டில் இறங்கி உட்கார்ந்ததும் அப்பாவும் இறங்கப் பார்த்தார். சரத் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மேலே சோபாவில் உட்கார்ந்திருக்கக் கூச்சம் அவருக்கு. பிறகு உன் மாமனார் தலை குனிந்து சொல்ல, நீ எங்களுக்குத் தமிழில் சொன்னாய்: உங்கள் பிள்ளையை எங்களுக்குத் தர வேண்டும். உன்னைக் கேட்டதை நீயே மொழிபெயர்த்தாய். உன் குரல் அந்த இடத்தில் எப்படி இருந்தது என்று நான் எழுதப் போவதில்லை.

அப்பா உடனே பதில் சொல்லாமல், உங்களைக் கேட்டு வந்தபோது உங்கள் அப்பா என்ன சொன்னார் என்று அவரைக் கேட்டார் இல்லையா. வைத்த டீ ஆறுவதற்குள் சரி என்று சொல்லிவிட்டார் என்றார் உன் மாமனார். அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டாம், இன்றுவரை அது மனதில் இருக்கிறது என்றார். நீ அதை ஒரு தகவல் மாதிரிச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாய். அப்பா அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான், "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லுடா" என்றார்.

நீ வெளியே வந்து கார் பக்கத்தில் நின்று அழுதாய். மறுத்துவிட்டார் என்று நினைத்தாய். எனக்கும் அப்படித்தான் பட்டது.

இப்போது அவர் எப்படி இருக்கிறார் தெரியுமா? பதில் சொல்ல வேண்டிய மனிதராக இருக்கிறார். ஷேவ் பண்ணிக்கொண்டு வாக்கிங் போகிறார். டெய்ரிக் கடைக்காரர், கோவிலில் புஷ்பவதி ஆன்ட்டி, பல் டாக்டர் எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஜப்பானிலிருந்து பையனைக் கேட்டு வந்திருக்கிறார்கள், யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்கிறார். நேற்று நான் மெதுவாக, என்னப்பா முடிவு பண்ணினீங்க என்றேன். "உனக்கென்ன அவசரம், நீயா கேட்டு வந்தே?" என்றார்.

போன் பண்ணு. பேசுவார். பதிலை மட்டும் கேட்காதே.

அக்கா


செனோ வீடு
24 ஆகஸ்ட் 2025

அக்கா,

ஊருக்குத் திரும்பி மூன்று வாரம் ஆச்சு. அப்பாவை எரியூட்ட மயானத்தில் அழுத்திய அந்தப் பட்டன் இன்னும் என் விரலில் இருக்கிறது. நீயும் நானும் சேர்ந்துதான் அழுத்தினோம், ஆனாலும்.

ஜூலையில் இரண்டாவது ஸ்ட்ரோக் வந்து அப்பா போன செய்தியை நீ சொன்ன காலையில் நான் கூப்பிடலாம் என்று போனை எடுத்திருந்தேன். அதற்கு முந்தைய ஞாயிறு அப்பாவும் நானும் பேசினோம். மழை, முழங்கால், கிரிக்கெட். கடைசியில், "உன் மாமனாரைக் கேட்டதாச் சொல்லு" என்றார். நீ கேட்காதே என்றதால் நான் கேட்கவில்லை. இப்போது தினமும் அதை நினைக்கிறேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ?

போன வாரம் இங்கே மூதாதையரை வீட்டுக்கு அழைக்கிற நாள். வழக்கமாக மாமனார் அவர்கள் முன்னால் வீட்டார் பெயர்களைச் சொல்வார். இந்த வருஷம் என் பெயரைச் சொல்லவில்லை. கோபத்தில் இல்லை அக்கா, மிகவும் அன்பாகத்தான் இருக்கிறார். கேட்டுவிட்டேன், பதில் வரவில்லை, வராத பதிலை நான் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது என்கிறார். முன்னால் எடுத்துக்கொண்டதே தப்பு என்கிறார். சட்டப்படி எதுவும் மாறவில்லை. ஆனால் அக்டோபரில் தொட்டிக்கு முதல் அரிசி போடுகிறவன்தான் அடுத்த தலைவன். அதை யார் செய்வது என்று இந்த வருஷம் பேச்சே எடுக்கவில்லை.

இப்போது நம் வீட்டுக்குப் பெரியவள் நீதான், உன் வாய்ச்சொல் போதும் என்கிறார். சரி என்று ஒரு வரி எழுது. அப்பா உன்னிடம் ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் எழுது. இல்லை என்று சொல்லியிருந்தாலும் எழுது.

அகில்


ஹில்ஸ்பரோ
21 செப்டம்பர் 2025

அன்புள்ள அகில்,

இந்தப் பதிலுக்கு உன்னை இவ்வளவு நாள் காக்கவைத்தேன். முதலில் 'அப்பாவுக்குச் சம்மதம்' என்று எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. பிறகு கிழித்துவிட்டேன். அவர் சார்பில் அந்த வரியை ஏற்கெனவே ஒருவர் சொல்லியாகிவிட்டது, நான் இரண்டாவது ஆளாக இருக்க விரும்பவில்லை.

அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. காரியத்தன்று இரத்தினசிங்கம் அங்கிளைக் கேட்டேன். "ஓம் பிள்ளை, ஒவ்வொரு நாளும் அதைத்தான் கதைப்பார்" என்றார். "என்ன மறுமொழி சொல்லப்போறியள் எண்டு நானும் கேட்டனான். அதுக்கு அவர், 'சரின்னு சொன்னா முடிஞ்சு போகும், இல்லன்னு சொன்னாலும் முடிஞ்சு போகும்' எண்டு சொல்லிப்போட்டுச் சிரிப்பார். சந்தோசமாத்தான் இருந்தவர்."

உனக்குத் தெரிந்த அப்பா ஒரு முடிவை இவ்வளவு நாள் வைத்திருக்கிற ஆளே இல்லை. காய்கறி வாங்கக்கூட யோசிக்க மாட்டார். டீ ஆறுவதற்குள் கொடுத்துவிட்ட ஒருவரின் மகன் எதிரே தரையில் உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்தார். அதற்கப்புறம் அவரால் அவசரப்பட முடியவில்லை. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. தப்பாகவும் இருக்கலாம். இனி யாரிடம் சரிபார்ப்பது?

நமக்கு மூன்று மாதமும் கொஞ்சம் நாளும் கிடைத்தது. மூன்று வருஷம் கிடைத்திருக்கும். நீ வேண்டாம் என்றாய், நான் ஏன் என்று கேட்காமல் உன்மேல் கோபமாக இருந்தேன். அவர் தோட்டத்துக்குப் போவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கணக்கை நீ மட்டும் சுமக்க வேண்டாம்.

நேற்று சரத், "நீயாவது சொல்லிடேன், பாவம் அவன்" என்றார். சொல்லத்தான் உட்கார்ந்தேன். பேனாவை எடுத்ததும் தெரிந்தது, அது எவ்வளவு கனமான வரி என்று. அதை எழுதினால் அங்கே உனக்கு எல்லாம் சரியாகிவிடும், எனக்குத் தெரியும். இங்கே உன்னைக் கொடுத்ததாகிவிடும். அப்பா போன இரண்டாவது மாதத்தில் என்னால் அது முடியவில்லை, அகில். கோபமில்லை. முடியவில்லை.

உன் மாமனாருக்கு என் வணக்கத்தைச் சொல். அக்டோபரில் முதல் அரிசியை நீயே போடலாம், அதற்கு இந்த வீட்டின் தடை எதுவும் இல்லை என்று சொல். மற்றபடி, அவர் கேட்டதை நாங்கள் மறக்கவில்லை, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல். அவருக்குப் புரியும்.

ஊறல் முடிந்ததும் ஏப்ரலில் மறுபடி வந்து கேட்கட்டும். அதற்கடுத்த வருஷமும் வரட்டும். அதே மோட்டலில் சொல்லி வைக்கிறேன். வரும்போது நீயும் வா. மொழிபெயர்க்க ஆள் வேண்டும்.

அக்கா